உலாவி தேர்ந்தெடுப்பது எப்படி: பணத்துக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று

புதுக் கணினியோ போனோ கைக்கு வந்ததும் அதில் ஏற்கெனவே ஒரு உலாவி இருக்கும். விண்டோஸ் என்றால் எட்ஜ், ஆப்பிள் என்றால் சஃபாரி, ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் குரோம். நிறையப் பேர் அதற்கு மேல் யோசிப்பதில்லை. மற்றவர்கள், கணினி தெரிந்தவர் என்று நினைக்கும் ஒருவரிடம் "எது நல்லது?" என்று கேட்டு, அவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே போட்டுக்கொள்கிறார்கள். இரண்டிலும் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், அலுவலக வேலை, சொந்தப் படங்கள் எல்லாம் இந்த ஒரே மென்பொருள் வழியாகத்தான் போய் வருகின்றன என்பதால், ஒரு மணி நேரம் செலவழித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். எல்லாவற்றையும் ஒரே உலாவியில் செய்யாதீர்கள். பணமும் முக்கியமான கணக்குகளும் மட்டும் புழங்கும் உலாவி ஒன்று, அதில் நீட்டிப்புகள் (உலாவியோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) எதுவும் இருக்கக் கூடாது. படிப்பது, தேடுவது, வீடியோ பார்ப்பது, தெரியாத சுட்டிகளைத் திறப்பது எல்லாவற்றுக்கும் இன்னொன்று, அது உங்கள் இஷ்டப்படி. எந்த இரண்டு என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

1. முதலில் எதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பாதுகாப்பு, அந்தரங்கம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் உலாவி பற்றிய பாதி விவாதங்கள் வீணாகின்றன. ஒரு மோசமான தளத்தைத் திறந்துவிட்டீர்கள், அதில் உள்ள நிரல் உங்கள் கணினிக்குள் புகாமல் உலாவி தடுக்கிறதா, ஓட்டை தெரிந்ததும் சீக்கிரம் அடைக்கிறார்களா என்பது பாதுகாப்பு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள் என்பதை எத்தனை நிறுவனங்கள் குறித்து வைத்துக்கொள்கின்றன என்பது அந்தரங்கம். முதலாவதில் திருடன் பிரச்சினை, இரண்டாவதில் விளம்பர நிறுவனம் பிரச்சினை.

குரோமை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். பாதுகாப்பில் அது முன்வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்பாட்டில் அடைத்து, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்க முடியாதபடி செய்யும் தளப் பிரிப்பு ஏற்பாட்டை, ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை வெளிவந்த 2018-லேயே கணினிப் பதிப்பில் எல்லோருக்கும் இயல்பாகக் கொண்டுவந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2021-ல்தான் வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்கு வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. ஆனால் அந்தரங்கத்தில் கதை வேறு. மூன்றாம் தரப்பு குக்கிகளை (ஒரு தளத்தில் இருக்கும்போது வேறு நிறுவனங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள்) இரண்டு வருடத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. அப்புறம் தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. அந்த நான்கு வருட இடைவெளியில் சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டும் ஏற்பாட்டைக் கணினியில் பயன்படுத்தும் எல்லோருக்கும் இயல்பாகவே கொடுத்துவிட்டது.

ஆக உங்கள் பயம் திருடன் என்றால் குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் நான்கில் எதை எடுத்தாலும் நிம்மதியாக இருக்கலாம். விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதுதான் உறுத்துகிறது என்றால், குரோமை அன்றாட உலாவியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. பெயரை விடுங்கள், உள்ளே எந்த இன்ஜின் என்று பாருங்கள்

கடையில் இருபது பெயர்கள் இருந்தாலும் உள்ளே ஓடுவது, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் வேலையைச் செய்வது, மூன்றே மூன்று இன்ஜின்கள்தான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் குரோமியம் குடும்பம், அவற்றின் இன்ஜின் பெயர் பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸும் அதிலிருந்து உருவான டார் உலாவியும் கெக்கோ. சஃபாரி வெப்கிட்.

புதிதாக வருபவருக்கு இதனால் என்ன என்றால், குரோமில் ஓடும் தளம் எட்ஜிலும் பிரேவிலும் ஏறக்குறைய அப்படியே ஓடும், நீட்டிப்புகளும் பெரும்பாலும் பொருந்தும். குரோமியத்தில் ஓட்டை என்றால் அந்தக் குடும்பம் முழுக்கவே ஓட்டை, ஆகவே குரோமுக்குத் திருத்தம் வந்து எத்தனை நாளில் நம் உலாவிக்கு வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். எட்ஜ், பிரேவ் போன்ற பெரியவர்கள் சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள். யாரோ ஓரிருவர் சேர்ந்து நடத்தும் சின்ன உலாவிகளில் அந்த உத்தரவாதம் கிடையாது.

சில நேரம் ஓட்டை இன்ஜினையும் தாண்டிப் போகும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைத் திறக்கும் ஒரு சின்ன நிரல் தொகுப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தொகுப்பைக் குரோமும் பயன்படுத்தியது, ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தியது, இன்னும் எத்தனையோ செயலிகளும் பயன்படுத்தின. ஒரு படம் திரையில் வந்தாலே போதும் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை அது. எல்லோரும் சில நாட்களுக்குள் அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். அந்த வாரம் நம் உலாவி பாதுகாப்பாக இருந்ததா என்பதை அதன் பெயர் தீர்மானிக்கவில்லை, நாம் அப்டேட் செய்தோமா இல்லையா என்பதுதான் தீர்மானித்தது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே, ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான், ஆப்பிள் விதி அப்படி. ஐபோனில் குரோம் போட்டால் உங்கள் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் கூடவே வரும், அது வசதிதான், ஆனால் பாதுகாப்பில் அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது.

3. அப்டேட் வருகிறதா, வந்தது ஏறுகிறதா

இந்தப் படியில் தோற்கும் உலாவியை, வேறு என்ன அழகு இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். அதன் தளத்துக்குப் போய்க் கடைசிப் பதிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேண்டாம்.

ஆனால் நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு சிக்கல். அப்டேட் ஒழுங்காக வந்து இறங்கி, உலாவி மூடித் திறக்கப்படுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதைப் பயன்படுத்துபவரோ ஐம்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியை அணைக்காமல் மடித்து மட்டும் வைத்து, மூன்று வாரமாக அதை மூடியே இருக்க மாட்டார். திருத்தம் வட்டில் கிடக்கிறது, ஓடிக்கொண்டிருப்பதோ பழைய ஓட்டைப் பதிப்பு. மெனு அருகில் நிறம் மாறிய அடையாளமோ, அப்டேட் செய்யச் சொல்லும் சொல்லோ தெரிந்தால் அன்றைக்கே மூடித் திறங்கள். முந்தைய டேப்களோடு தொடங்கு என்ற அமைப்பை இயக்கி வைத்தால் ஐம்பதும் திரும்பி வந்துவிடும். கையால் சோதிக்க வேண்டும் என்றால் மெனுவில் உதவிப் பகுதிக்குப் போய், உலாவியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் போதும், பெரும்பாலான உலாவிகள் அங்கேயே புதுப் பதிப்பைத் தேடி இறக்கத் தொடங்கிவிடும்.

பழைய சாதனங்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அவற்றில் ஏறாது. ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பழைய விண்டோஸ்களுக்கு 115 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்து, கெடுவைப் பலமுறை நீட்டியது. அது தற்காலிக மூச்சு மட்டுமே, இயங்குதளமே பழையதாக இருக்கும்போது உலாவி ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ஆண்ட்ராய்டில் உலாவி பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படும் என்பதால், போன் கம்பெனி கைவிட்ட போனிலும் கொஞ்ச காலம் புது உலாவி கிடைக்கும். ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது, மற்ற உலாவிகளும் அதே வெப்கிட்டைத்தான் நம்பியிருக்கின்றன, ஆகவே ஐஓஎஸ் அப்டேட் நின்றுபோன ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் பலன் இல்லை. அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம்.

இன்னும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் அலுவலகத் தளங்கள் அங்கங்கே உண்டு. அந்த உலாவிக்கு 2022 ஜூன் 15 அன்றே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது. எட்ஜில் அதற்கென்று ஒரு பழைய பாணி நிலை இருக்கிறது, அந்தத் தளத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

4. இது யார் காசில் ஓடுகிறது?

உலாவி இலவசம், ஆனால் அதை எழுதும் நூற்றுக்கணக்கான பொறியாளர்களுக்குச் சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும். சஃபாரியில் கூகுள் தேடல் இயல்பாக இருப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க ஏகபோக வழக்கின் ஆவணங்களில் வெளியே வந்தது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகுள் தேடல் ஒப்பந்தம்தான், கூகுளுக்கு மாற்று என்று நாம் நினைப்பது கூகுள் பணத்தில் ஓடுகிறது. இதை வைத்து ஃபயர்ஃபாக்ஸை ஒதுக்க வேண்டியதில்லை, தேடுபொறியை நீங்கள் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

எட்ஜின் முதல் பக்கச் செய்திகளும் கூப்பன் அறிவிப்புகளும் எரிச்சல் தருபவை, எல்லாவற்றையும் அமைப்புகளில் அணைக்கலாம், ஆனால் தேடித் தேடி அணைக்க வேண்டும். பிரேவ் விளம்பரங்களை இயல்பாகவே தடுத்துவிட்டு, விருப்பப்பட்டவர்களுக்குத் தன் விளம்பரங்களைக் காட்டுகிறது, கிரிப்டோ பணப்பையும் உள்ளேயே வைத்திருக்கிறது. 2020-ல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்து முகவரியை நிரப்பிக் கொடுத்தது அம்பலமானது, கண்டனம் எழுந்ததும் நிறுத்தினார்கள். ஓபரா 2016-ல் சீன முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. அது தரும் இலவச விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வசதி) உலாவிக்குள் நடப்பதை மட்டும்தான் மறைக்கும், போனில் அல்லது கணினியில் உள்ள மற்றச் செயலிகளுக்கு அதனால் பயன் இல்லை.

டேட்டாவை மிச்சப்படுத்தும் ஓபரா மினி போன்றவற்றில் ஒரு எச்சரிக்கை. மிகையாகச் சுருக்கும் நிலையில் நீங்கள் கேட்கும் பக்கம் முதலில் அவர்கள் சர்வரில் பிரிக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, பிறகுதான் உங்களுக்கு வருகிறது. உங்களுக்கும் தளத்துக்கும் இடையே நேரடிக் குறியாக்கம் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டுவது) இல்லை என்று அர்த்தம். செய்தி படிக்கலாம், பாஸ்வேர்டு போட வேண்டாம்.

5. வசதிகளில் எது உண்மையிலேயே பயன்படும்

பட்டியல் போட்டால் நூறு வரும். செங்குத்து டேப்கள், டேப் குழுக்கள், படிப்பதற்கான எளிய காட்சி, சாதனங்களுக்கு இடையே ஒத்திசைவு எல்லாம் இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கின்றன, இவற்றுக்காக உலாவி மாற வேண்டாம். விவால்டி மட்டும் டேப்களை அடுக்குவதிலும் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதிலும் தனி ரகம், நாள் முழுக்க உலாவியிலேயே வேலை செய்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஒரே ஜன்னலில் ஒரே தளத்துக்கு இரண்டு கணக்குகளைத் தனித்தனிக் கொள்கலனில் திறக்கலாம், அலுவலக மின்னஞ்சலும் சொந்த மின்னஞ்சலும் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதன் மொழிபெயர்ப்பும் உங்கள் கணினியிலேயே நடக்கிறது, பக்கத்தின் வாசகம் வெளியே போவதில்லை.

நான் அழுத்திச் சொல்லும் வசதி ஒன்றே ஒன்றுதான், விளம்பரத் தடுப்பு. விளம்பரம் எரிச்சல் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிரபலமான ஒரு மென்பொருளின் பெயரைத் தேடினால், முடிவுகளுக்கு மேலே விளம்பரமாக வரும் முதல் சுட்டியே போலித் தளமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அங்கே இறக்கினால் நிரலோடு திருட்டு நிரலும் வரும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு விட்ட எச்சரிக்கையிலேயே, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்டிப்பைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது.

இங்கேதான் உலாவிகள் பிரிகின்றன. நீட்டிப்புகள் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதியை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் குரோம் மாற்றியது, பழைய முறை நீட்டிப்புகளை 2024 முதல் படிப்படியாக அணைத்தது. அதில் அடிபட்ட பெரிய பெயர் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு. குரோமுக்கு இப்போது அதன் லைட் பதிப்புதான், அதுவும் மோசம் இல்லை, ஆனால் முழுப் பதிப்பின் சக்தி அதற்குக் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் முழுப் பதிப்பு அப்படியே ஓடுகிறது. பிரேவில் தடுப்பு உலாவிக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் நீட்டிப்பே தேவையில்லை, எதையும் தேடிப் போட விரும்பாதவர்களுக்கு அது சுலபமான வழி. போனில் ஆண்ட்ராய்டு குரோம் நீட்டிப்புகளை ஏற்பதே இல்லை, ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். ஐபோனில் சஃபாரிக்கு விளம்பரத் தடுப்புச் செயலிகள் ஆப் ஸ்டோரில் உண்டு.

6. சரி, எந்த இரண்டு?

விண்டோஸில் பணத்துக்கு எட்ஜ், அது ஏற்கெனவே இருக்கிறது, இயங்குதளத்தோடு சேர்ந்து பராமரிக்கப்படுகிறது. கூப்பன், ஷாப்பிங், செய்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெறுமையாக வையுங்கள். அன்றாடத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின். ஆப்பிளில் பணத்துக்குச் சஃபாரி. மேக்கில் அன்றாடத்துக்கு மறுபடியும் ஃபயர்ஃபாக்ஸ், ஐபோனில் பிரேவ். ஆண்ட்ராய்டில் பணத்துக்குக் குரோம், மற்றதுக்கு ஃபயர்ஃபாக்ஸ் அல்லது பிரேவ். வங்கிக்கென்று தனிச் செயலி இருந்தால் போனில் அதையே பயன்படுத்துங்கள், உலாவி வேண்டாம்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்றால், உலாவியில் நடக்கும் திருட்டுகளில் பெரும்பகுதி இன்ஜினை உடைத்து நடப்பதில்லை. நீட்டிப்பு ஒன்று கெட்டுப்போய், அல்லது உள்நுழைந்திருக்கும் கணக்கின் குக்கியைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் நடக்கிறது. வங்கிக் கணக்கு ஒருபோதும் திறக்கப்படாத உலாவியில் எந்த நீட்டிப்பு கெட்டாலும் வங்கி அதன் கைக்கு எட்டாது.

இரண்டு உலாவி பெரிய தொல்லை என்று தோன்றினால், ஒரே உலாவியில் இரண்டு புரொஃபைல் வையுங்கள். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிக் குக்கி, தனி நீட்டிப்பு, தனி பாஸ்வேர்டு, வேறு நிறமும் கொடுக்கலாம். பலன் கொஞ்சம் குறைவு, காரணம் அவசரத்தில் தவறான ஜன்னலில் தட்டிவிடுவோம், ஆனால் எதுவும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

டார் உலாவி அடையாளத்தை மறைக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கானது. மெதுவாக இருக்கும், சொந்தக் கணக்கில் உள்நுழைந்தால் அதன் நோக்கமே போய்விடும். 2025-ல் காமெட், அட்லஸ் என்று செயற்கை நுண்ணறிவு நமக்குப் பதிலாகத் தளங்களில் சொடுக்கி வேலை செய்துதரும் உலாவிகள் வந்திருக்கின்றன. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்தில் யாரோ மறைத்து எழுதிவைத்த வாசகத்தை உங்கள் கட்டளை என்று நினைத்து அது செயல்படக்கூடும், இந்தச் சிக்கலுக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. மின்னஞ்சலும் வங்கியும் உள்நுழைந்திருக்கும் இடத்தில் அதை விடாதீர்கள்.

7. நிறுவிய முதல் பத்து நிமிடம்

உலாவியைத் தேடிப் போய் இறக்காதீர்கள், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். போனில் என்றால் ஸ்டோரில் வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய் இவற்றைச் செய்யுங்கள், பெயர்கள் உலாவிக்கு உலாவி கொஞ்சம் மாறும்.

பாதுகாப்பான இணைப்பை மட்டும் பயன்படுத்து என்ற நிலையை இயக்குங்கள். குறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி தளம் வந்தால் உலாவி நிறுத்தி எச்சரிக்கும். கூடவே ஒன்றை மனதில் வையுங்கள், முகவரிப் பட்டியில் பூட்டு இருந்தால் தளம் நம்பகமானது என்று அர்த்தம் இல்லை, இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், போலி வங்கித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது.

மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் பின்தொடர்தல் தடுப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றலாம், ஏதாவது தளம் உடைந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்துங்கள். ஆபத்தான தள எச்சரிக்கையை ஒருபோதும் அணைக்காதீர்கள். குரோமில் அதன் மேம்பட்ட நிலை நீங்கள் போகும் முகவரிகளைக் கூகுளுக்கு அனுப்பி உடனுக்குடன் சரிபார்க்கிறது, பணத்துக்கான உலாவியில் அது நல்ல பேரம், அன்றாட உலாவியில் சாதாரண நிலை போதும்.

அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும் வசதியை மொத்தமாக மூடிவிடுங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வதில் இதுதான் எனக்குத் தெரிந்து முதலிடம். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதியைத் தட்டுங்கள்" என்று ஒரு தளம் சொல்லும், தட்டிவிடுவார்கள், மறுநாளிலிருந்து திரையின் ஓரத்தில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கும். வைரஸ் எதுவும் இருக்காது, அந்தத் தளத்தின் அறிவிப்புதான். அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.

இதன் புதிய அண்ணன் ஒன்றும் இப்போது சுற்றுகிறது. மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டதை ஒட்டி என்டர் தட்டச் சொல்லும். எந்த நேர்மையான தளமும் அப்படிக் கேட்காது. உலாவியால் உங்களை இதிலிருந்து காப்பாற்ற முடியாது, கட்டளையை ஓட்டுவது நீங்கள்தான்.

8. பாஸ்வேர்டும் நீட்டிப்பும்

உலாவியில் பாஸ்வேர்டு சேமிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுவதைவிட நூறு மடங்கு நல்லது. கூடுதலாக ஒரு லாபம், சேமித்த பாஸ்வேர்டைச் சரியான முகவரியில் மட்டும்தான் உலாவி நிரப்பும். ஒரே ஒரு எழுத்து மாறிய போலித் தளத்தில் உங்கள் கண் ஏமாறும், உலாவி ஏமாறாது. வழக்கமாக நிரம்பும் இடத்தில் நிரம்பவில்லை என்றால் முகவரியை மறுபடி படியுங்கள். ஆனால் உங்கள் கணினிக்குள்ளேயே திருட்டு நிரல் புகுந்துவிட்டால், சேமித்தவற்றையும் உள்நுழைவுக் குக்கிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும், அதனால் திருட்டு மென்பொருள்களை இறக்குபவர்களுக்கு எந்த உலாவியும் பாதுகாப்பு இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் முதன்மைப் பாஸ்வேர்டு வைக்கும் வசதி உண்டு, வையுங்கள். இரண்டு உலாவி வைத்திருப்பவர்கள் பிட்வார்டன் போன்ற தனிப் பாஸ்வேர்டு மேலாளரைத் தனிச் செயலியாக வைத்துக்கொள்ளலாம். தளம் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தின் பூட்டைத் திறந்தே உள்நுழையும் முறை) கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், போலித் தளத்தில் அதைத் தெரியாமல் கொடுத்துவிட வாய்ப்பே இல்லை.

நீட்டிப்புகளில் கஞ்சத்தனம் வேண்டும். நிறுவும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால், அது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான், வாங்கியவர் நல்லவராக இருந்தாலும் அவர் சாவியை வேறு யாருக்காவது விற்கலாம். த கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்டிப்புக்கு இப்படித்தான் ஆனது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் அருமையான கருவி, பல லட்சம் பேர் வைத்திருந்தார்கள், 2020-ல் எழுதியவர் கைமாற்றினார், 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுளே அதை எல்லோருடைய உலாவியிலும் அணைத்தது. பயனர்கள் எதையும் புதிதாக நிறுவவில்லை, அப்டேட் வழியாகவே எல்லாம் நடந்தது. இப்போது டேப்களைத் தூங்கவைக்கும் வேலையைக் குரோமும் எட்ஜும் தாங்களே செய்கின்றன. உலாவியே செய்யும் வேலைக்கு நீட்டிப்பு வேண்டாம்.

மறைநிலை ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்கள் கணினியில் வரலாற்றை விடாமல் இருக்கும், அவ்வளவுதான். தளங்களும் இணைய நிறுவனமும் அலுவலகமும் வழக்கம்போலப் பார்க்கும். மறைநிலையிலும் தகவல் சேர்த்ததாகக் கூகுள்மேல் 2020-ல் போட்ட வழக்கு, அப்படிச் சேர்ந்த ஏராளமான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டு 2024-ல் சமரசத்தில் முடிந்தது. அடுத்தவர் கணினியில் மின்னஞ்சல் பார்க்க மறைநிலை நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

போனில் இன்னொன்று. சமூக ஊடகச் செயலிக்குள் சுட்டியைத் தட்டினால் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். அது நீங்கள் தேர்ந்தெடுத்த உலாவி இல்லை, உங்கள் விளம்பரத் தடுப்பும் அங்கே கிடையாது, செயலி நினைத்தால் அந்தப் பக்கத்துக்குள் தன் நிரலைச் செருக முடியும். மூன்று புள்ளியைத் தட்டி உலாவியில் திற என்பதைத் தேர்ந்தெடுங்கள், பல செயலிகளில் எப்போதும் வெளியே திறக்கும்படி அமைக்கவும் முடியும்.

9. பழையதிலிருந்து புதியதுக்கு

புது உலாவியின் அமைப்புகளில் இறக்குமதி என்று இருக்கும், புக்மார்க்குகளை ஒரே சொடுக்கில் கொண்டுவரும். பாஸ்வேர்டுகளைச் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவர வேண்டி வந்தால், வேலை முடிந்த மறு நிமிடமே அந்தக் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், அதில் எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அன்றாட உலாவியை இயல்பு உலாவியாக அமையுங்கள், பணத்துக்கானதை அமைக்காதீர்கள், மின்னஞ்சலில் வரும் சுட்டிகள் தவறியும் அதில் திறக்கக் கூடாது. வங்கி முகவரியைப் பணத்துக்கான உலாவியில் புக்மார்க் செய்து, எப்போதும் அதிலிருந்தே போங்கள், தேடிப் போகாதீர்கள்.

பழைய உலாவியை உடனே தூக்கிவிடாமல் இரண்டு வாரம் வைத்திருங்கள், ஏதாவது ஒரு தளத்தின் உள்நுழைவு அதில் மட்டும்தான் இருந்தது என்று அப்போதுதான் தெரியவரும். பிறகு அதன் ஒத்திசைவுக் கணக்கிலிருந்து வெளியேறி, சேமித்த பாஸ்வேர்டு, அட்டை விவரம், நீட்டிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீக்குங்கள். வெறுமனே நீக்கினால், அதே கணக்கில் மறுபடி உள்நுழைந்த அன்று பழைய நீட்டிப்புகள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.